பெங்களூரில் எந்த உயிர் எங்கே வாழ்கிறது, ஏன் இடம் மாறுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம் பக்கம் வசிக்கும் தமிழ் வாசகர்கள் ஏரிக்கரையில் நடக்கும்போதும், ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் கேட்கிற கேள்விகள் இவை. "வெயில் ஏறிடுச்சு, அதான் குருவி போயிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் போலத் தோன்றும். வெயிலுக்குப் பங்கு உண்டு. ஆனால் இந்த நகரத்தில் மண்ணையும் தண்ணீரையும் நாம் மாற்றியதற்கு அதைவிடப் பெரிய பங்கு இருக்கிறது. இரண்டும் ஒன்றுசேரும் இடத்தில்தான் உயிர்கள் வேகமாகக் காணாமல் போகின்றன.

ஓர் உயிரினம் ஓரிடத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை எது தீர்மானிக்கிறது?

முதலில், அது அங்கே போய்ச் சேர முடிய வேண்டும். பிறகு அங்குள்ள வெப்பமும் ஈரமும் அதன் உடம்புக்கு ஒத்துவர வேண்டும். உணவும் கூடு கட்ட இடமும் வேண்டும். கடைசியாக, அங்கே ஏற்கெனவே இருக்கிற எதிரிகளோடும் போட்டியாளர்களோடும் தாக்குப்பிடிக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது அங்கே நிலைக்காது.

தேவாங்கைப் பாருங்கள். பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகம் போன்ற சில இடங்களில் இன்னும் இருக்கிறது. நகரத்தின் வெப்பமும் மழையும் வளாகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பூச்சிகளும் இரண்டு பக்கமும் கிடைக்கும். ஆனால் தேவாங்கு குதித்துத் தாவாது. கிளையைப் பற்றிப் பற்றித்தான் நகரும். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடாவிட்டால் தரையில் இறங்க வேண்டும். இறங்கினால் நாயும் வண்டியும். சாலையை அகலப்படுத்த ஒரு வரிசை மரம் போனால், அந்தப் பக்கத்துத் தேவாங்குகள் தனித்தீவில் மாட்டிக்கொள்கின்றன. அங்கே பருவநிலை ஒரு டிகிரிகூட மாறியிருக்க வேண்டியதில்லை.

பருவநிலை மாறினால் உயிரினங்கள் என்னதான் செய்யும்?

இடம் மாறும், அல்லது பூப்பது, முட்டையிடுவது போன்றவற்றின் நேரத்தை மாற்றிக்கொள்ளும், அல்லது தலைமுறை தலைமுறையாக உடம்பே பழகிக்கொள்ளும். மூன்றும் முடியாதது குறைந்து அழியும். ஆஸ்திரேலியாவில் பிராம்பிள் கே என்ற குட்டித் தீவில் மட்டுமே வாழ்ந்த ஒரு வகை எலி 2009-க்குப் பிறகு காணப்படவில்லை. கடல் ஏறி ஏறித் தாவரங்களை அடித்துக்கொண்டு போனதுதான் முக்கியக் காரணம். 2019-ல் ஆஸ்திரேலிய அரசு அது அழிந்துவிட்டதாக அறிவித்தது.

இடம் மாறுவதற்கு நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு மத்தி மீன். 1980-கள் வரை நெய் மத்தி என்றால் பெரும்பாலும் கேரளா, கர்நாடகக் கடற்கரையில்தான் மொத்தமாகக் கிடைக்கும். பிறகு வடக்கே குஜராத் பக்கமும், கிழக்கே தமிழ்நாட்டுக் கரையிலும் கணிசமாகப் பிடிபடத் தொடங்கியது. கடலின் மேல்மட்ட வெப்பம் உயர்ந்ததோடு இதை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடர்புபடுத்தியிருக்கிறது. மத்தி ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகிற மீன். அதனால் ஒரு வருடம் ரசல் மார்க்கெட்டில் விலை ஏறியதை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். பல பத்தாண்டுக் கணக்கில்தான் இந்த நகர்வு தெரிகிறது.

உலக அளவில், 2011-ல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, நிலத்து உயிரினங்கள் பத்தாண்டுக்குச் சுமார் 17 கிலோமீட்டர் துருவங்களை நோக்கியும், சுமார் 11 மீட்டர் மலைமேலும் நகர்வதாகக் கணக்கிட்டது. இவை நடுவான அளவுகள்தான். சில இனங்கள் இதைவிட வேகமாக நகர்ந்தன, சில அசையவே இல்லை, சில எதிர்த்திசையில்கூடப் போயின.

மலைமேல் ஏறிப்போய்விட்டால் போதாதா? நந்தி மலை பக்கத்தில்தானே இருக்கிறது?

உயரம் 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 0.65 டிகிரி குறையும். பெங்களூர் சுமார் 920 மீட்டர், நந்தி மலை உச்சி 1,478 மீட்டர். ஆகவே உச்சியில் மூன்றரை டிகிரி குளிர்ச்சி கூடுதலாகக் கிடைக்கும். நீலகிரிக் காட்டுப்புறா மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய பறவை. சுற்றிலும் வறண்ட சமவெளியாக இருந்தும் நந்தி மலையில் வாழ்கிறது. மஞ்சள்தொண்டைச் சின்னானுக்கு நந்தி மலை போன்ற பாறைக்குன்றுகளின் புதர்கள் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், மலை மேலே போகப் போகக் குறுகும். ஒரு டிகிரி வெப்பம் கூடினால் பழைய குளிர்ச்சியைத் தேடி ஏறக்குறைய 150 மீட்டர் மேலே போக வேண்டும். நந்தியில் இரண்டு மூன்று முறை அப்படி ஏறினால் உச்சி வந்துவிடும். நீலகிரியிலும் இதே கதைதான்: தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதற்கு மேல் நிலம் இல்லை. நீலகிரிச் சிரிப்பான், நீலகிரி நெட்டைக்காலி என்ற இரண்டு பறவைகளும் அந்த உச்சிப் பகுதிகளில்தான் இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் போன்ற தாழ்வான சூடான இடைவெளியைத் தாண்டி அடுத்த மலைக்குப் போகவும் அவற்றால் முடியாது. போதாக்குறைக்கு நெட்டைக்காலிக்குத் தேவையான புல்வெளியில் வாட்டில் மரமும் தைல மரமும் பைனும் நிரம்பிவிட்டன. கீழேயிருந்து வெயில் துரத்துகிறது, மேலே வாழ இடம் இல்லை. இதைத்தான் இரண்டும் ஒன்றுசேரும் இடம் என்று மேலே சொன்னோம்.

பெங்களூர் சூடானது உலக வெப்பமயமாதலாலா, கட்டடங்களாலா?

இரண்டாலும். உலகச் சராசரி 2011–2020 காலத்தில், 1850–1900 அளவைவிடச் சுமார் 1.1 டிகிரி கூடியிருந்தது. அதன் மேல் நகரத்தின் தனிச்சூடு ஏறுகிறது. 2016 ஏப்ரலில் பெங்களூரில் 39.2 டிகிரி பதிவானது. "ஃபேன் தேவையில்லாத ஊர்" என்று பெயர் வாங்கிய இடத்தில்.

இவற்றைப் பிரித்தறிய இரவு வெப்பத்தைப் பாருங்கள். கான்கிரீட்டும் தாரும் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடும். அதனால் நகரத்தின் தனிச்சூடு பகல் உச்சத்தைவிட விடியற்காலைக் குறைந்தபட்சத்தில்தான் தெளிவாகத் தெரியும். வீட்டில் அளப்பதாக இருந்தால் வெப்பமானியைச் சுவரில் ஒட்ட வேண்டாம். சுவரின் சூட்டைத்தான் அது காட்டும். நிழலில், காற்றோட்டமாக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், ஏசியின் வெளிப்புற யூனிட்டிலிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் குறித்துவிட்டு மீட்டமைத்துவிட வேண்டும்.

ஒரு பறவையோ தவளையோ குறைந்ததற்குக் காரணம் தேடும்போதும் இதே போலப் பிரித்துப் பார்க்கலாம். நகரத்துக்கு வெளியே, நிலம் மாறாத இடத்திலும் அது குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் பருவநிலையைச் சந்தேகிக்கலாம். குறைவு ஒரே வருடத்தில் திடீரென வந்ததா? அப்படியானால் அந்த வருடம் அங்கே எதை வெட்டினார்கள், எதை மூடினார்கள் என்று கேளுங்கள். அதே இடத்தில், அதே உணவை நம்பும் மற்ற இனங்களும் குறைந்தனவா? எல்லாமே சேர்ந்து குறைந்தால் உணவோ இடமோ போயிருக்கும். குளிரை விரும்புபவை மட்டும் குறைந்து, சூட்டைத் தாங்குபவை கூடினால் வெப்பத்தின் கை இருக்கிறது.

சிட்டுக்குருவி எங்கே போயிற்று? செல்போன் டவரா காரணம்?

டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவியின் நிலை ஓரளவு சீராகவே இருக்கிறது. பெங்களூர் உட்பட ஆறு பெருநகரங்களில் அது படிப்படியாகக் குறைந்ததாகத்தான் 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சொன்னது. டவர் கிராமத்திலும் இருக்கிறது, குருவியும் அங்கே இருக்கிறது.

நகரத்தில் இல்லாமல் போனவை வேறு. ஓட்டு வீட்டின் இடுக்கும், பழைய சுவரின் ஓட்டையும் போய்க் கண்ணாடிச் சுவர் வந்துவிட்டது. மளிகைக் கடையில் சாக்கிலிருந்து சிந்திய தானியம் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. முக்கியமாக, குஞ்சுக்குத் தானியம் போதாது. முதல் நாட்களில் மெல்லிய பூச்சிகள் வேண்டும். அவற்றுக்கு மண் தரையும் செடியும் வேண்டும்.

கூட்டுப்பெட்டி வைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு தகரப் பெட்டி அல்லது மேற்கு பார்த்த வாசல். ஏப்ரல் மதியத்தில் குஞ்சுகள் வெந்துவிடும். மரப்பெட்டி, 32 மில்லிமீட்டர் ஓட்டை, எட்டு முதல் பத்து அடி உயரம், நிழல், பூனை ஏறாத சுவர். ஓட்டைக்குக் கீழே உட்காரக் குச்சி வைக்காதீர்கள். அது காக்கைக்குத்தான் வசதி. குருவியே இல்லாத தெருவில் பெட்டி மாட்டினால் அது காலியாகவே இருக்கும். அரை கிலோமீட்டருக்குள் குருவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மயில் மட்டும் எல்லா இடத்திலும் பெருகுகிறதே?

ஆமாம். முன்பு மயிலே இல்லாத கேரளப் பகுதிகளில்கூட இப்போது இருக்கிறது. ஈரக்காடு அதற்குப் பிடிக்காது. வறண்ட, திறந்த, விளைநிலம் கலந்த இடம்தான் பிடிக்கும். நிலம் அப்படி மாறிய இடத்துக்கெல்லாம் அது வருகிறது. வேட்டைத் தடையும் கைகொடுத்தது. பல்லுயிர் குறைவது என்றால் எல்லாமே குறைவது என்று பொருள் இல்லை. எங்கும் வாழத் தெரிந்த சில இனங்கள் பெருகி, குறிப்பிட்ட இடத்தை மட்டும் நம்பியவை ஒவ்வொன்றாக விலகும். 2023 பறவை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றில் 178 இனங்களை உடனடிக் கவனம் தேவைப்படுபவை என்று குறித்தது. மயில், குயில் போன்றவை கூடிய அதே காலத்தில், புல்வெளிப் பறவைகளும் வலசை வரும் உள்ளான்களும் குறைந்தன.

கோடையில் முதல் மழை பெய்ததும் ஏரியில் மீன்கள் செத்து மிதப்பது ஏன்?

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மிதந்ததைப் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். "யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்" என்றுதான் முதலில் பேச்சு வரும். பெரும்பாலும் நடப்பது மூச்சுத்திணறல்.

தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். கடல்மட்டத்தில் 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 தான். பெங்களூரின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் இன்னும் பத்து சதவீதம் போய்விடும். ஆக, கோடையில் சுத்தமான ஏரியிலேயே ஏழுக்குக் கீழேதான் ஆரம்பம். அதே சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவையும் கூடுகிறது.

இதற்கு மேல் கழிவுநீர். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசியைப் பச்சைப் பெயிண்ட் மாதிரி வளர்க்கும். பகலில் பாசி ஆக்சிஜனைக் கொடுக்கும். இரவில் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எனவே விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அந்த நிலையில் முதல் மழை, மாதக்கணக்கில் ராஜகால்வாயில் (நகரத்தின் மழைநீர் வடிகாலில்) தேங்கிய சகதியை ஒரே மூச்சில் ஏரிக்குள் தள்ளுகிறது. அடித்தளச் சேறும் கலங்குகிறது. பாக்டீரியா அதைச் சிதைக்கத் தொடங்கியதும் மிச்ச ஆக்சிஜனும் காலி. 3 மில்லிகிராமுக்குக் கீழே கெண்டை வகைகள் திணறும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த அறிகுறியைப் பார்த்தால் ஆபத்து சில மணி நேரத்தில் இருக்கிறது.

பிறகு என்ன மிஞ்சும் என்பதைக் கவனியுங்கள். தேளியும், தடை செய்யப்பட்டும் ஏரிகளில் பரவிய ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வெளிக்காற்றை விழுங்கி மூச்சு விடக்கூடியவை. அவை பிழைத்துக்கொள்ளும். கொசுப்புழுவும் மேலே வந்து குழாய் வழியாக மூச்சு விடும், அதுவும் பிழைக்கும். அதைத் தின்ற சிறு மீன்கள் செத்திருக்கும். ஒவ்வொரு கோடையும் இப்படி ஒரு சல்லடை. சில ஆண்டுகளில் ஏரியில் இனங்களின் எண்ணிக்கை கையால் எண்ணக்கூடியதாகிவிடும்.

மீன் இறப்பைப் பார்த்தால் நேரத்தையும் இடத்தையும் படத்தோடு குறியுங்கள். ஆக்சிஜனை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். பாட்டிலில் பிடித்து மதியம் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. கையடக்க ஆக்சிஜன் மீட்டர் இருந்தால் காலை ஆறு மணிக்கு முன் அளவு எடுங்கள். வெயில் ஏறிய பிறகு எடுத்தால் எல்லாம் சரியாக இருப்பது போலக் காட்டும். பிற சோதனைகளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலைக் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகாரோடு கொடுக்கலாம்.

எங்கள் ஏரியைச் சீரமைத்தார்கள். தண்ணீர் நிறைய இருக்கிறது, பறவைதான் இல்லை. ஏன்?

ஏரி ஆர்வலர்கள் இதைச் 'சூப் கிண்ணம்' என்பார்கள்: சுற்றிலும் செங்குத்தான கற்கரை, நடைபாதை, நடுவில் ஒரே ஆழம். பறவைக்குத் தண்ணீரின் அளவைவிட ஆழம் முக்கியம். சிறிய உள்ளான்கள் 5 சென்டிமீட்டருக்குள்தான் மேயும். நெடுங்கால் உள்ளானுக்கு 15 வரை போகலாம். நீலச்சிறகி, ஆண்டி வாத்து போன்றவை தலையை மட்டும் முக்கி மேய்பவை; 30 சென்டிமீட்டருக்குள் வேண்டும். இலைக்கோழிக்கு மிதக்கும் இலை வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் ஆழமுள்ள கிண்ணத்தில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் மட்டும்தான் மிஞ்சும்.

சீரமைப்பு வரைபடம் உங்கள் கைக்கு வரும்போது கரைச்சரிவைக் கேளுங்கள். குறைந்தது ஒரு பக்கமாவது, பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குகிற மெல்லிய சரிவு வேண்டும். தண்ணீர் வற்ற வற்ற அங்கே புதுச் சேறு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். கழிவுநீர் நுழையும் வாயில் கோரையும் சம்பும் அடர்ந்த ஈரநிலத்தை விட்டுவைக்க வேண்டும். ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த நீரை இப்படிப்பட்ட ஈரநிலம் வழியாகவே ஏரிக்குள் விடுகிறார்கள். தூர்வாருவதை மழைக்கு முன் முடிக்க வேண்டும், ஏனென்றால் தாழைக்கோழியும் முக்குளிப்பானும் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் கூடு கட்டும். நடைபாதை விளக்குகள் தண்ணீரை நோக்கி இருக்கக் கூடாது.

பெங்களூர் ஏரிக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டா?

பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீர் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கே நுரை பொங்குவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். விருஷபாவதி ஆறு அர்க்காவதியில் கலந்து காவிரிக்குப் போகிறது. இங்கே ராஜகால்வாயில் விடுவது அங்கே வயலுக்குப் பாய்கிறது.

உண்ணிச்செடி, ஆகாயத்தாமரையை அகற்றினால் மறுபடி வருகிறதே?

ஆகாயத்தாமரை கழிவுநீரைத் தின்று வளர்கிறது. நல்ல சத்தும் சூடும் இருந்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உறங்கும். கழிவுநீரை நிறுத்தாமல் இயந்திரத்தால் வாரிக்கொண்டே இருந்தால் ஒப்பந்தக்காரருக்கு மட்டும் வருமானம் நிரந்தரம்.

உண்ணிச்செடி வேறு வகை. 1800-களின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று பந்திப்பூர், பிலிகிரி ரங்கன் மலைக் காடுகளின் அடித்தளத்தையே நிரப்பிவிட்டது. வறட்சியையும் தீயையும் தாங்கி, வெட்டிய இடத்தில் நாலு கிளையாகத் துளிர்க்கும். பலரும் தரைமட்டத்தில் அரிவாளால் வெட்டுவதுதான் தவறு. மண்ணுக்குக் கீழே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டரில் முதன்மை வேரை வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். காய் பிடிப்பதற்கு முன், மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது செய்தால் வேலை எளிது. வெற்றிடமான நிலத்தில் உடனே உள்ளூர்ப் புல்லை விதைக்காவிட்டால், மரங்களில் உட்காரும் பறவைகளே விதையைக் கொண்டுவந்து போடும். இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து நாற்றுகளைப் பிடுங்க ஆள் இல்லை என்றால் தொடங்காமல் இருப்பதே மேல். மாதேஸ்வரன் மலைப் பக்கம் இதன் தண்டில் நாற்காலியும் யானைச் சிற்பமும் செய்கிறார்கள். கைத்தொழிலாக நல்லது, ஆனால் பரவலைத் தடுக்கும் அளவுக்கு அது போதாது.

காலி நிலத்திலெல்லாம் மரம் நட்டால் பல்லுயிர் கூடுமா?

எல்லா இடத்திலும் இல்லை. ஹெசரகட்டாவில் பார்க்கிற புல்வெளி 'காலி நிலம்' கிடையாது. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் அங்கே வந்து தரையில் படுத்து உறங்கும். வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும். அங்கே மரம் நட்டால் இவை போய், நகரப் பூங்காவில் ஏற்கெனவே உள்ள பறவைகள் வரும். 2020-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான தவளை ஒன்றுக்குப் பெங்களூர் என்றே பெயர் வைத்தார்கள். நகரின் விளிம்பில் இருந்த தரிசு போன்ற இடத்தில்தான் அது கிடைத்தது. மண்ணில் புதைந்து வாழும் இனம் அது. பார்வைக்கு ஒன்றும் இல்லாத இடம் என்று தோன்றும் நிலத்தில் ஒரு மழைக்காலமாவது நடந்து பாருங்கள்.

தெருவோரத்திலும் வளாகத்திலும் நடலாம். புங்கை, வேம்பு, நாவல், மகிழம் நல்லவை. இடம் இருந்தால் ஓர் ஆல் அல்லது அத்தி. வருடத்தில் மற்ற பழங்கள் இல்லாத மாதங்களிலும் பறவைக்கு உணவு தரும். ஆனால் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இரண்டடி நீள அகல ஆழக் குழி, ஜூன் மழை பிடித்த பிறகு நடவு, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர். மரத்தைச் சுற்றி அடிவரை சிமெண்ட் போட்டுவிடுவதுதான் இந்த ஊரில் மரங்கள் மழைக்காற்றில் சாய முக்கியக் காரணங்களில் ஒன்று. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது மண் திறந்திருக்க வேண்டும்.

'2050-ல் இந்த இனம் இங்கே இருக்காது' என்கிற வரைபடங்களை நம்பலாமா?

எப்படிச் செய்தார்கள் என்று பார்த்துவிட்டு நம்புங்கள். பொதுவான முறை இது: அந்த இனம் பார்க்கப்பட்ட இடங்களை வரைபடத்தில் புள்ளியாக வைப்பார்கள். அந்த இடங்களின் வெப்பம், மழை, அவற்றின் பருவ ஏற்ற இறக்கம் என 19 அளவுகள் கொண்ட தொகுதி ஒன்று பரவலாகப் பயன்படுகிறது. மேக்ஸென்ட் போன்ற மென்பொருள், எந்தச் சூழல் அதற்கு ஒத்துவருகிறது என்று கற்றுக்கொள்ளும். பிறகு எதிர்காலப் பருவநிலை மதிப்புகளை இட்டு, ஒத்துவரும் இடம் எங்கே நகர்கிறது என்று காட்டும்.

கவிழும் இடங்கள் நாலைந்து. பதிவுகள் சாலையோரத்திலும் பெங்களூர் போன்ற ஆர்வலர் நிறைந்த ஊரிலும் குவிந்திருக்கும். குவியலைக் குறைக்காவிட்டால் மென்பொருள் பறவைக்குப் பதிலாகப் பறவை பார்ப்பவர்கள் போகும் இடத்தைக் கற்றுக்கொள்ளும். வரைபடத்தின் ஒவ்வொரு கட்டமும் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர். ஏரிக்கரையும் அதை ஒட்டிய தார்ச்சாலையும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாகிவிடும். ஆய்வுப் பரப்பை வேண்டுமென்றே பெரிதாக எடுத்தால் துல்லிய மதிப்பெண் தானாகவே உயரும். தார் பாலைவனத்தில் நீலகிரிச் சிரிப்பான் இல்லை என்று சரியாகச் சொல்வதில் பெருமை எதுவும் கிடையாது. முக்கியமாக, ஒத்துவரும் இடம் என்று காட்டுவதால் அந்த உயிர் அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்று அர்த்தமில்லை. நடுவில் ஆறுவழிச் சாலை இருப்பது இந்தக் கணினி மாதிரிக்குத் தெரியாது. பல மாதிரிகளும், இனி எவ்வளவு கரியமிலவாயு வெளியேறும் என்ற பல கணிப்புகளும் (உமிழ்வுப் பாதைகள்) ஒரே திசையைக் காட்டினால், அந்தத் திசையை நம்பலாம். ஆண்டையும் எல்லைக்கோட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாடியில் நாலு தொட்டிதான் இருக்கிறது. பயன் உண்டா?

கறிவேப்பிலை இருந்தாலே போதும், தொடங்கலாம். வெண்புள்ளி வரிசை கொண்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று அதன் தளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். நாலைந்து நாளில் வரும் புழு பறவை எச்சம் போலவே இருக்கும். நாலு தோல் உரித்தபின் திடீரெனப் பச்சையாக மாறும். அந்தக் கட்டத்தில்தான் பலரும் பயந்து மருந்து அடிக்கிறார்கள். ஒரு புழு சில இலைகளைத்தான் தின்னும், செடி மறுபடி துளிர்க்கும். நர்சரியில் வாங்கிய செடியில் ஊடுருவும் மருந்து இருக்கலாம். முதல் சில மாதத் தளிரைச் சமையலுக்கும் எடுக்காமல் விடுங்கள். முட்டை கண்ட தேதியையும் கூட்டுப்புழுவான தேதியையும் எழுதி வையுங்கள். சூடான மாதங்களில் இந்த இடைவெளி குறைவதை நீங்களே காணலாம். வெப்பம் ஏற ஏறப் பூச்சித் தலைமுறைகள் ஏன் கூடுகின்றன என்பதற்கு அதுவே நேரடிச் சான்று.

பதிவு செய்வது எப்படி? ஒருவர் எழுதுவது ஆராய்ச்சிக்கு உதவுமா?

உதவும். 2023 பறவை அறிக்கைக்கு அடிப்படை, சுமார் 30,000 பேர் இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் எழுதிய பட்டியல்கள்தான். ஆனால் "இன்று மரங்கொத்தி பார்த்தேன்" என்ற ஒற்றைப் பதிவைவிட, 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எண்ணிய முழுப் பட்டியல் பல மடங்கு மதிப்புள்ளது. காகத்தையும் புறாவையும் விடக் கூடாது. எல்லாவற்றையும் எழுதினால்தான் எழுதாதது 'இல்லை' என்று பொருள்படும். அந்த இல்லாமைதான் குறைவைக் காட்டும். நாள் முழுக்க அலைந்ததை ஒரே பட்டியலாகப் போடாமல் இடத்துக்கு ஒன்றாகப் பிரியுங்கள்.

மரத்துக்குச் சீசன்வாட்ச் என்ற பதிவுத் திட்டம் இருக்கிறது. ஒரே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லை, கொஞ்சம், நிறைய என மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பூ இல்லாத வாரத்தையும் குறிக்க வேண்டும். இந்த வருடம் கொன்றை சீக்கிரம் பூத்தது என்றால் அது அந்த வருடத்து வானிலை. பருவநிலை என்பது 30 ஆண்டுச் சராசரி. உங்கள் தெரு மரத்துக்கு அந்த நீளத்தில் குறிப்பு இருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

தவளைக்குக் கண்ணைவிடக் காது போதும். மழை பெய்த இரவில், இருட்டி இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, மொபைலில் ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்து, இடத்தோடும் நேரத்தோடும் எல்லா உயிரினங்களுக்குமான ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றலாம். பேசாமல் பதிவு செய்யுங்கள். தேவாங்கு, ஆந்தைக் கூடு போன்றவற்றின் சரியான இடத்தை மட்டும் பொதுவெளியில் போட வேண்டாம். பிடித்துப்போக ஆள் வருவார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். அங்கிருந்தும் எழுதலாமா?

கட்டாயம். அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். பெங்களூரிலிருந்து போகிறவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் மாவட்டக் கிராமங்களில் இருப்பது பெரிய வாய்ப்பு, ஏனென்றால் அங்கிருந்து வரும் பட்டியல்கள் குறைவு. வயலோரம், கண்மாய், வீட்டுக் கொல்லை என எங்கு வேண்டுமானாலும் 15 நிமிடம் நிற்கலாம். காலை ஆறரை முதல் ஒன்பது வரை நல்ல நேரம். இடக்குறியை ஊர்ப் பெயரின் மேல் வைக்காமல் நீங்கள் நின்ற இடத்தின் மேலேயே வையுங்கள். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுதாமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கேளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் இபேர்ட் ஆப்பில் பட்டியல் சேமிப்பாகும்; பஸ் கிருஷ்ணகிரி தாண்டியதும் அனுப்பிவிடலாம்.